பால் சேர்க்காத சீஸ் கிராக்கர், வீட்டு ஓவனில்

சிறு வயதில் பாக்கெட் பாக்கெட்டாகத் தின்ற சதுர சீஸ் கிராக்கரின் ருசியைப் பிரித்துப் பார்த்தால் உப்பு, மெல்லிய புளிப்பு, கொழுப்பு, நாக்கில் தங்கும் உமாமி (காளான், தக்காளியில் உணரும் ஆழ்ந்த சுவை) ஆகிய நான்கும்தான் தேறும். இந்த நான்கையும் பால் பொருள் இல்லாமலே கொண்டுவந்துவிடலாம். சிரமம் மொறுமொறுப்பில்தான் இருக்கிறது. முழுக்கோதுமை மாவில் செய்யும்போது பலருக்கும் காலை வாருவது அதுதான்.

தேவையானவை (இரண்டு தட்டு அளவு):
முழுக்கோதுமை மாவு 130 கிராம்
முந்திரி 40 கிராம்
நியூட்ரிஷனல் ஈஸ்ட் 20 கிராம்
எண்ணெய் 35 கிராம்
எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி
உப்பு 3 கிராம்
பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி
பாப்ரிகா தூள் அரைத் தேக்கரண்டி
மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி
குளிர்ந்த நீர் 50 முதல் 65 மில்லி வரை

நியூட்ரிஷனல் ஈஸ்ட் என்பது சூட்டில் செயலிழக்க வைத்து உலர்த்திய ஈஸ்ட். ரொட்டிக்குப் போடும் ஈஸ்டை அதற்குப் பதிலாகப் போட்டால் கசப்புதான் மிஞ்சும். உமாமி வருவது நியூட்ரிஷனல் ஈஸ்டிலுள்ள குளூட்டமேட் என்ற சுவைப்பொருளால். பி12 சத்துக்காக வாங்குகிறவர்கள் பாக்கெட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஈஸ்டில் இயல்பாக பி12 கிடையாது. தயாரிப்பவர்கள் தனியாகச் சேர்த்திருந்தால் மட்டுமே இருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு தேர்வு இருக்கிறது. கெட்டியாக உறைந்த தேங்காய் எண்ணெய் போட்டால் கிராக்கர் அடுக்கடுக்காக உதிரும், வாயில் கரையும். ஆனால் அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. ஆரோக்கியத்துக்காகச் செய்கிறோம் என்றால் அது பொருந்தாது. ஆலிவ், சூரியகாந்தி போன்ற எண்ணெயைப் பயன்படுத்தி, பாலின் கொழுப்புச் சுவையைத் தரும் வேலையை முந்திரியிடம் விட்டுவிடுவதே எங்கள் பரிந்துரை. கிராக்கர் சற்றுக் கடினமாக இருக்கும், ருசியில் குறை தெரியாது.

முந்திரியைத் தனியாக அரைத்தால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவோடு சேர்த்து, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டிப் பொடியாக்குங்கள். முந்திரி ஒவ்வாதவர்கள் அதே எடைக்குச் சூரியகாந்தி விதை போடலாம். அப்போது எலுமிச்சைச் சாற்றைக் குறைக்க வேண்டாம்: அந்த விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் காரத்தன்மையோடு (மிளகாய்க் காரம் அல்ல, சோடா உப்பில் இருக்கும் அமிலத்துக்கு எதிரான தன்மை) சேர்ந்தால் கிராக்கர் பச்சையாக மாறும். கெடுதல் இல்லைதான், ஆனாலும் பார்க்கிறவர் பூஞ்சை என்று நினைப்பார். பேக்கிங் பவுடருக்குப் பதில் வெறும் சோடா உப்பு போடாமல் இருப்பதற்கும் இதேபோல் ஒரு காரணம் உண்டு. சோடா உப்பின் காரத்தன்மையில் மஞ்சள் சிவந்துவிடும். நமக்கு வேண்டிய ஆரஞ்சு நிறம் கிடைக்காது.

பொடித்த முந்திரி, மீதி மாவு, ஈஸ்ட், பேக்கிங் பவுடர், தூள்கள், 2 கிராம் உப்பு ஆகியவற்றைக் கலந்து, எண்ணெயை ஊற்றி விரல் நுனியால் பிசறுங்கள். எல்லா மாவிலும் எண்ணெய் பட்ட பிறகே எலுமிச்சைச் சாறும் நீரும். முதலில் 50 மில்லி நீர் மட்டும் விட்டுப் பிசைந்து பாருங்கள். மாவு அழுத்தினால் ஒட்ட வேண்டும், கையில் பிசுபிசுக்கக் கூடாது. உதிர்ந்தால் மட்டும் ஒவ்வொரு தேக்கரண்டியாக நீர் சேருங்கள். அதிகமாக விட்ட ஒவ்வொரு சொட்டையும் பிறகு ஓவனில் விரட்ட வேண்டியிருக்கும். சப்பாத்திக்குப் போல் அடித்துப் பிசைய வேண்டாம். பசைத்தன்மை கூடினால் கிராக்கர் தோல்போல் ஆகிவிடும்.

மாவை மூடி 30 நிமிடம் வைத்துவிடுங்கள். முழுக்கோதுமையின் தவிடு நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். இந்த நேரம் கொடுக்காவிட்டால் தேய்க்கும்போது ஓரம் வெடிக்கும், வெட்டிய சதுரமும் சுருங்கும்.

இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து 2 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான கட்டம் இதுதான். நடு கனமாகவும் ஓரம் மெல்லியதாகவும் போனால், நடு வேகும்முன் ஓரம் கருகிவிடும். கட்டைக்கு இரு பக்கமும் 2 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டிகளை வைத்து அவற்றின் மேல் உருட்டினால் சீராக வரும். மேல் தாளை உரித்து, பீட்சா கட்டரால் 2.5 சென்டிமீட்டர் சதுரங்களாகக் கோடு போடுங்கள். பிரிக்க வேண்டாம், வெந்ததும் தானே பிரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் பல்குச்சியால் அடிவரை துளையிடுங்கள். ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் உப்பிப் போய் மேல்தோல் மட்டும் கருகும்.

மேலே லேசாக நீர் தெளித்து, மீதி 1 கிராம் உப்பைப் பொடியாகத் தூவுங்கள். மேலிருக்கும் உப்பு நாக்கில் முதலில் படுவதால் குறைந்த உப்பிலேயே போதிய சுவை தெரியும்.

முன்சூடு செய்த ஓவனில் 170 டிகிரி செல்சியஸில் 14 முதல் 16 நிமிடம் வைக்க வேண்டும். விசிறி உள்ள ஓவன் என்றால் 155 டிகிரி. பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள். ஓரத்துச் சதுரங்கள் முந்திக்கொண்டு சிவந்தால் அவற்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் தொடருங்கள்.

நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். தவிடும் ஈஸ்டும் மைதாவைவிடச் சீக்கிரம் நிறம் மாறும். உள்ளே ஈரம் இருக்கும்போதே வெளியே வெந்ததுபோல் காட்டும். இன்னும் ஐந்து நிமிடம் கூட்டினால் கசக்கும். அதனால் ஓரம் பொன்னிறமானதும் ஓவனை அணைத்து, கதவை ஒரு மரக்கரண்டி நுழையும் அளவு திறந்துவைத்து, 20 நிமிடம் உள்ளேயே உலர விடுங்கள். சூட்டில் கிராக்கர் மெத்தென்றுதான் இருக்கும். ஒன்றை எடுத்து ஆறவைத்து உடைத்துப் பார்த்தால் சத்தமே சொல்லிவிடும்.

முழுதாக ஆறிய பின்பே டப்பாவில் போடுங்கள். இளஞ்சூட்டோடு மூடினால் ஆவியே நமுக்க வைத்துவிடும். மறுநாள் நமுத்திருந்தால் நடுவிலிருந்த ஈரம் ஓரத்துக்குப் பரவியிருக்கிறது என்று பொருள். 150 டிகிரியில் 6 நிமிடம் மறுபடி வைத்து எடுத்தால் சரியாகும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் வைத்தால் முழுமாவின் முளைக் கொழுப்பும் முந்திரியும் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும்.

தக்காளி ருசி வேண்டுமானால் நீரில் 10 மில்லியைக் குறைத்து ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுதும், அரைத் தேக்கரண்டி ஓரிகானோவும் சேருங்கள். தக்காளியின் சர்க்கரை சீக்கிரம் கருகும் என்பதால் 160 டிகிரியில் 18 நிமிடம் வரை மெதுவாக வேகவையுங்கள்.