பனிவழியில் குதிரைச் சறுக்குவண்டி: அக்காலத்தில் கிளம்பிய விதம்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் ஏறிய மாட்டுவண்டிகளின் கதையைத் தாத்தாக்களிடம் கேட்டு வளர்ந்த நமக்கு, அடைமழை என்றாலே பயணத்தைத் தள்ளிப்போடும் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவில் கணக்கு நேர்மாறாக இருந்தது. இலையுதிர்காலச் சேற்றில் சக்கரம் புதையும் என்பதால், ஆறுகள் உறைந்து பனி இறுகிய பிறகே வணிகர்கள் நெடுவழிக்குக் கிளம்பினார்கள்.

முதலில் வழிச்சீட்டு வாங்க வேண்டும். 'பதரோஷ்னயா' என்ற அந்த அரசுச் சீட்டைக் காட்டினால்தான் அஞ்சல் நிலையத்தில் குதிரை மாற்றித் தருவார்கள். அப்போதும் பெரிய பதவிக்காரர் ஒருவர் வந்து இறங்கினால் நம் முறை பின்னுக்குப் போய்விடும் (இது நமக்குப் புதிதல்ல). ரஷ்யப் படையெடுப்பில் தோற்றுத் திரும்புகையில், 1812 டிசம்பர் 5 அன்று ஸ்மார்கோன் என்ற ஊரை (இன்றைய பெலாரூஸில் உள்ளது) விட்டுப் புறப்பட்ட நெப்போலியன், வழியில் சறுக்குவண்டிக்கு மாறி, 18ஆம் தேதி இரவே பாரிஸ் சேர்ந்தார். பேரரசருக்கு வரிசை ஏது?

கூண்டு வைத்த 'கிபித்கா' வண்டியில் பெட்டிகளை அடியில் பரப்பி, மேலே வைக்கோலைக் கனமாகப் போட்டு, ஆட்டுத்தோலைப் போர்த்திப் படுத்தபடியே போக வேண்டும். குதிரைக்கு முனை கூர்மையான லாடம் அடிப்பது அவசியம். சக்கரச் சத்தம் இல்லாத வண்டியாதலால், பூட்டிய மூன்று குதிரைகளில் நடுக்குதிரையின் கழுத்துக்கு மேல் வளைந்து நிற்கும் மரவில்லில் மணி கட்டினால்தான் எதிரே வருபவர் விலகுவார்.

ஓட்டுவதைவிட நிறுத்துவதில்தான் கவனம் வேண்டும். ஓடி வந்த குதிரையின் முதுகிலிருந்து ஆவி எழும்பும். கொஞ்சம் தாமதித்தால் அந்த வியர்வையே ரோமத்தில் வெள்ளைப் பூச்சாக உறைந்துவிடும். ஆகவே நிறுத்தியவுடன் கம்பளத்தைப் போர்த்துங்கள். உடல் சூடு தணியும் முன் குளிர்ந்த தண்ணீர் காட்டக் கூடாது என்பது பழைய நம்பிக்கை. பிறகு உடன் வந்தவரின் மூக்கையும் கன்னத்தையும் பாருங்கள். வெள்ளைத் திட்டு விழுந்தால் அவருக்கே தெரியாது, ஏனெனில் அந்த இடம் மரத்துப்போயிருக்கும். அக்காலத்தவர் அதில் பனியை அள்ளித் தேய்த்தார்கள்; அது தவறான வைத்தியம், தோல் இன்னும் புண்ணாகும். வெறும் உள்ளங்கையைத் தேய்க்காமல் ஒற்றி வைத்துச் சூடேற்றுவதே சரி. வோத்கா குடித்தால் சூடாக இருப்பதுபோல் தோன்றுமே தவிர, உடம்பின் வெப்பம் உண்மையில் வெளியேறும்.

நிற்கும் நேரத்தில் வண்டியின் சறுக்குச் சட்டங்கள் பனியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், அவற்றின் கீழே குச்சிகளைச் செருகி வையுங்கள். மறந்துபோனால், குதிரைகளை அதட்டுவதற்கு முன் இருவர் இறங்கி வண்டியைப் பக்கவாட்டில் அசைத்து விடுவிக்க வேண்டும்; நேராக இழுக்கவிட்டால் கயிறு அறுந்துபோகும்.