குழந்தைக்குக் கணைய அழற்சி: கேஸ் ஷீட்டில் என்ன எழுத வேண்டும்?

மதுரையில் குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்காக இதை எழுதுகிறேன். ‘வயிற்று வலி, வாந்தி’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள்.

முதல் படி, வலி. அம்மா சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், “நேத்து ராத்திரி சாப்பிட்டதிலருந்து குனிஞ்சே கெடக்கான் சார், முதுகுலயும் பிடிக்குதாம்” என்றார். எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, எப்படி இருந்தால் தாங்க முடிகிறது, எல்லாம் அதிலேயே வந்துவிட்டது. கைக்குழந்தைக்கு இடம் காட்டத் தெரியாது. ஓயாத அழுகை, வாந்தி, வயிற்று உப்பல் ஆகியவற்றைக் குறியுங்கள்.

அப்புறம் காரணம். சட்டையைத் தூக்கிப் பாருங்கள். மேல்வயிற்றில் வட்டமாகக் கன்றியிருந்தால் சைக்கிள் ஹேண்டில்பார் குத்தியதா என்று கேளுங்கள். விழுந்து சில நாள் கழித்தும் வலி வரலாம். அடி வாங்குவோம் என்று பயந்து பிள்ளைகள் மறைப்பதுண்டு. தனியாகக் கேட்டால் சொல்வார்கள். வலிப்புக்கு வால்ப்ரோயேட், ரத்தப் புற்றுநோய்க்கு அஸ்பாரஜினேஸ், பித்தக்கல், பொன்னுக்குவீங்கி, குடும்பத்தில் யாருக்காவது கணையக் கல் என எதையும் விடாதீர்கள்.

மூன்றாவது, ரத்தப் பரிசோதனை. பலரும் தவறுவது இங்கேதான். பொருந்தும் வயிற்று வலி, நார்மல் உச்ச வரம்பைப்போல் 3 மடங்கோ அதற்கு மேலோ லைபேஸ் அல்லது அமைலேஸ் (கணையம் சுரக்கும் செரிமான நொதிகள்), ஸ்கேனில் கணைய மாற்றம்: இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் இது திடீர்க் கணைய அழற்சி. ‘லைபேஸ் 240’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. அந்த லேபின் உச்ச வரம்பு 60 என்றால் 4 மடங்கு. 160 என்றால் ஒன்றரை மடங்குதான். வெளியூர் லேப் ரிப்போர்ட்டோடு வரும் குழந்தைக்கு வரம்பையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள். அமைலேஸ் சில நாட்களிலேயே இறங்கிவிடும். எண் பெரிதாக இருப்பதால் நோய் கடுமை என்றும் முடிவு கட்டாதீர்கள்.

ஸ்கேனில் குடல் வாயு மறைத்திருந்தால் ‘கணையம் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள், ‘நார்மல்’ என்றல்ல.

சேர்த்த பிறகு மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு எல்லாவற்றையும் நேரம் போட்டுக் குறியுங்கள். உறுப்புச் செயலிழப்பு 48 மணி நேரத்தைத் தாண்டினால்தான் ‘கடுமை’ என்பார்கள். அது தொடங்கிய மணி இல்லாவிட்டால் கணக்குப் போடவே முடியாது.

சரி, ஒரு மாதிரி:

“வயது 9. மேல்வயிற்று வலி நேற்று இரவு 9 மணி முதல், முதுகுக்குப் பரவுகிறது. வாந்தி 4 முறை. 3 நாள் முன் ஹேண்டில்பார் அடி. லைபேஸ் 240 (வரம்பு 60), காலை 6 மணி. ஸ்கேன்: கணையம் தெரியவில்லை. சிறுநீர்: காலை 6 முதல் 10 வரை 90 மில்லி.”