மாந்திரீகம், அறிவியல், ஆன்மிகம்: மூன்றின் வரலாற்றையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

மாந்திரீகம், அறிவியல், ஆன்மிகம் ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவை வரலாற்றின் வழியாக அறிய விரும்புபவர், தமக்கு ஏற்கெனவே தெரிந்த கதையை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். தொல்மனிதன் மந்திரத்தை நம்பினான், அது பலிக்காது என்று கண்டபின் தெய்வத்தை வேண்டினான், அதிலும் தெளிவு பெறாமல் இறுதியில் அறிவியலுக்கு வந்து சேர்ந்தான் என்பதே அந்தக் கதை. அதைப் பெரிய அளவில் எழுதிப் பரப்பியவர் பிரிட்டிஷ் மானிடவியலாளர் ஜேம்ஸ் பிரேசர். அவர் தம் பெருநூலை 1890இல் வெளியிடத் தொடங்கினார். அறிவியலும் சமயமும் ஓயாமல் போரிட்டு வந்தன என்னும் மற்றொரு கதையும் ஏறத்தாழ அதே காலத்துச் சரக்குதான். ஜான் வில்லியம் டிரேப்பர் 1874இலும் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட் 1896இலும் வெளியிட்ட நூல்கள் அதற்கு உருவம் கொடுத்தன. ஒயிட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு முதல் தலைவராக இருந்தவர். எந்தச் சமயப் பிரிவுக்கும் கட்டுப்படாத அந்தப் பல்கலைக்கழகத்தைச் சமயவாதிகள் தாக்கியபோது அவர்களோடு வாதிட்ட அனுபவத்திலிருந்து வளர்ந்ததே அவருடைய நூல். ஆகவே இத்துறையில் எந்த நூலைக் கையிலெடுத்தாலும், அது எந்தக் காலத்தைப் பற்றிச் சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்பாக, அது எந்தக் காலத்தில் எழுதப்பட்டது, எழுதியவருக்கு அன்று யாரோடு வழக்கு இருந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிறியதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்

மாந்திரீகத்தின் முழு வரலாற்றையும் ஒரே மூச்சில் படிக்க முயன்றால் எதுவும் கையில் நிற்காது. ஒரு கைப்பிரதி, ஒரு வழக்கு, ஒரு சோதனை என்று சிறியதாக ஒன்றைத் தேர்ந்து, அதில் மனிதர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள்.

எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் எனப்படும் எகிப்திய மருத்துவச் சுருள் இதற்கு மிகப் பொருத்தமானது. ஏறத்தாழ கி.மு. 1600இல் எழுதப்பட்ட அதில் தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி வரிசைப்படுத்தப்பட்ட 48 நோயாளர் குறிப்புகள் உள்ளன. காயத்தின் பெயர், தொட்டுப் பார்த்துச் சோதிக்கும் முறை, முடிவு, சிகிச்சை என்னும் ஒழுங்கில் அவை அமைந்துள்ளன. முடிவு என்பது "இதை நான் குணப்படுத்துவேன்", "இதனோடு போராடிப் பார்ப்பேன்", "இதற்குச் சிகிச்சை இல்லை" என்னும் மூன்றில் ஒன்றாக இருக்கும். மண்டையோடு உடைந்த மனிதனின் கழுத்து விறைத்திருக்கிறதா, மூக்கிலும் காதிலும் இரத்தம் வருகிறதா என்று கேட்கும் அந்த மருத்துவர், 9ஆவது குறிப்பில் நெற்றிக் காயத்துக்கு நெருப்புக்கோழி முட்டையைக் கொழுப்போடு அரைத்துப் பற்றுப் போடச் சொல்லிவிட்டு, அதன்மேல் ஓத வேண்டிய மந்திரத்தையும் எழுதி வைக்கிறார். 48 குறிப்புகளில் மந்திரம் வருவது அந்த ஓரிடத்தில் மட்டும்தான். ஆனால் அதே சுருளைத் திருப்பினால், மறுபக்கத்தில் கொள்ளை நோயை விரட்டுவதற்கான 8 மந்திரங்கள் இருக்கின்றன.

அந்த மருத்துவரைப் பாதி விஞ்ஞானி, பாதி மந்திரவாதி என்று கூறுபோடுவது எளிது. ஆனால் அது எதையும் விளக்காது. காயத்தின் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, விழுந்திருப்பான் அல்லது அடிபட்டிருப்பான். கொள்ளை நோயின் காரணமோ யாருக்கும் தெரியவில்லை. காரணம் மறைந்திருக்கும் இடத்தில்தான் மந்திரம் பெரிதும் நுழைகிறது என்று இந்தச் சுருளைக்கொண்டு ஊகிக்கலாம். மானிடவியலாளர் பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் கண்டதும் இதற்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே ஆபத்தில்லாத காயலில் மீன் பிடிக்க மந்திரம் இல்லை; புயலுக்கும் நீரோட்டத்துக்கும் அஞ்ச வேண்டிய ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு விரிவான மந்திரச் சடங்குகள் இருந்தன. அந்த மக்கள் படகு கட்டும் நுட்பத்தையும் சடங்கையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகக் கருதவில்லை. எடுத்துக்கொண்ட எந்தச் சான்றிலும், எந்த வேலைக்குக் கைத்திறன் போதும் என்று விட்டார்கள், எந்த வேலைக்குச் சடங்கையும் சேர்த்தார்கள் என்று பிரித்துப் பார்ப்பது முதல் பயிற்சியாக இருக்கட்டும்.

ஒருவரைப் படித்தால் முழுவதும் படியுங்கள்

அடுத்த பயிற்சி சற்றுக் கடினமானது. ஒருவரைத் தேர்ந்து, அவருடைய புகழ்பெற்ற நூலை மட்டுமன்றி, பிற்காலத்தார் ஒதுக்கித் தள்ளிய தாள்களையும் படிக்க வேண்டும். ஐசக் நியூட்டன் இரசவாதம் பற்றி ஏறத்தாழ 10 லட்சம் சொற்கள் எழுதி வைத்திருந்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவருடைய தாள்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தபோது, கணிதமும் இயற்பியலும் வைத்துக்கொள்ளப்பட்டன; இரசவாதத் தாள்கள் குடும்பத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டன. அவை 1936இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. பொருளியலாளர் ஜான் மேனார்டு கெயின்ஸ் அவற்றில் பலவற்றைத் தேடிச் சேர்த்துப் படித்தார். நியூட்டன் பகுத்தறிவு யுகத்தின் முதல்வர் அல்லர், மந்திரவாதிகளில் கடைசியானவர் என்னும் முடிவுக்கு வந்தார்.

கெயின்ஸின் அந்த வரி கவர்ச்சியானது. அதனாலேயே அதை அப்படியே ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. இரசவாதக் கைப்பிரதிகள் பரிபாஷையில் எழுதப்பட்டவை. மேலோட்டமாகப் படிப்பவருக்கு அவை பிதற்றலாகவோ தியான மொழியாகவோ தோன்றும். வீனஸும் மார்ஸும் கூடியிருந்தபோது வல்கன் வலை வீசிப் பிடித்த உரோமப் புராணக் கதையை நியூட்டன் காலத்து இரசவாதிகள் செய்முறையாகப் படித்தார்கள். வீனஸ் செம்பு, மார்ஸ் இரும்பு, வல்கன் நெருப்பு. அஞ்சனக்கல்லை இரும்போடு உருக்கிக் கிடைக்கும் ஆன்டிமனி உலோகத்தோடு செம்பைச் சேர்த்தால், ஆறும்போது அதன் மேற்பரப்பில் வலைப்பின்னல் போன்ற படிக வரிகள் தோன்றுகின்றன. அந்தக் கலவைக்கு அவர்கள் இட்ட பெயரும் "வலை"தான். வேதியியல் வரலாற்றாய்வாளர்கள் வில்லியம் நியூமனும் லாரன்ஸ் பிரின்சிபியும் இத்தகைய பழைய செய்முறைகளை இன்றைய ஆய்வகத்தில் செய்து பார்த்து, அவற்றில் பல உண்மையிலேயே சொன்ன விளைவைத் தருகின்றன என்று காட்டினார்கள். ஆகவே புரியாத பகுதியைக் கண்டவுடன் மூடநம்பிக்கை என்றோ மறைஞானம் என்றோ முத்திரை குத்தாமல், அதில் எடை, சூடு, நிறம், நேரம் ஆகியவை பற்றிய குறிப்புகள் ஒளிந்திருக்கின்றனவா என்று தேடுங்கள்.

இங்கே எதிர்ப்பக்கத்துப் பிழையிலும் விழுந்துவிடக் கூடாது. நியூட்டன் இரசவாதி என்பதால் ஈர்ப்பு விசைக் கொள்கை இரசவாதத்திலிருந்து பிறந்தது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒரே மனத்தில் இருந்தன என்பது ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்பதற்குச் சான்றாகாது. உறுதியாகச் சொல்லக்கூடிய வேறொன்று உண்டு. இடையில் எதுவுமின்றி வெற்றிடத்தைக் கடந்து இழுக்கும் விசை என்பது காரணம் விளக்க முடியாத பழைய மாயப் பண்புகளை மீண்டும் உள்ளே கொண்டுவருவதாகும் என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் குற்றம்சாட்டினார். இன்று அறிவியலின் அடையாளமாகக் கருதப்படும் கொள்கை, அன்றைய தலைசிறந்த அறிஞர் ஒருவருக்கு மாந்திரீகத்தின் வாடை வீசுவதாகத் தோன்றியது.

கோட்டை யார், எங்கே கிழித்தார்கள்?

மூன்றுக்கும் இடையிலான எல்லை ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வோர் இடத்தில் இருந்தது. ஒரே மனிதருக்குள்ளும் அது நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இருப்பதில்லை. இடைக்காலப் பாரசீக மருத்துவரும் தத்துவ அறிஞருமான இப்னு சீனா சோதிடத்தை மறுத்துத் தனி நூல் எழுதினார். இரசவாதிகளால் ஓர் உலோகத்தை உண்மையில் மற்றொன்றாக மாற்ற முடியாது என்றார். ஆனால் வலிமை மிக்க ஆன்மா தன் உடலை மட்டுமன்றிப் பிற பொருள்களையும் பாதிக்க முடியும் என்பதை ஏற்றார். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட் காந்தம் பற்றி 1600இல் வெளியிட்ட நூலில், பூண்டு தேய்த்தால் காந்தம் வலுவிழக்கும் என்ற பழங்கதையைச் சோதித்துத் தள்ளினார். வைரத்தால் தேய்த்த இரும்பு வடக்கு நோக்கும் என்ற கூற்றைப் பலர் முன்னிலையில் 75 வைரங்களைக்கொண்டு சோதித்துப் பொய்யென்று காட்டினார். அதே நூலில் காந்த ஆற்றல் உயிருள்ளது, பூமிக்கு ஆன்மா உண்டு என்றும் எழுதினார். வேதியியலாளர் ராபர்ட் பாயில் உலோக மாற்றம் கைகூடும் என்று நம்பியவர். தங்கத்தைப் பெருக்குவதைக் குற்றமாக்கிய 1404ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் 1689இல் நீக்கப்பட்டதில் அவருக்கும் பங்கு உண்டு. இவர்களைப் படிக்கும்போது, இன்றைய எல்லைக்கோட்டை மேலே வைத்துப் பார்க்காமல், அவரவர் எதை மறுத்தார், எதை ஏற்றார், மறுப்பதற்கு என்ன காரணம் காட்டினார் என்று மூன்று பத்திகளாகக் குறித்துக்கொண்டால் அவர்களுடைய கோடு தானாகவே தெரியவரும்.

சோதனை முறை எப்போதும் மாந்திரீகத்தின் எதிர்ப்பக்கத்தில்தான் நின்றது என்றும் எண்ண வேண்டாம். லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான ஜோசப் கிளான்வில், சூனியக்காரிகள் இருப்பதைச் சாட்சியங்களைத் திரட்டி நிறுவவே புதிய அறிவு முறையைப் பயன்படுத்த முயன்றார். ஆவிகள் இல்லையென்றால் கடவுளும் இல்லை என்று மக்கள் சொல்லிவிடுவார்கள் என்பது அவருடைய அச்சம்.

சோதனையின் உள்ளே சென்று பாருங்கள்

ஒரு கூற்று எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதை நுணுக்கமாகப் படிக்க 1784ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணைக்குழுவின் அறிக்கையைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து வேறில்லை. பிரான்ட்ஸ் மெஸ்மர் என்னும் மருத்துவர், எல்லா உயிர்களிலும் ஓடுவதாகவும் காந்த ஆற்றல் கொண்டதாகவும் தாம் சொன்ன, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மத்தைச் சீராக்கி நோய் தீர்ப்பதாகச் சொல்லிப் பாரிஸில் பெரும் புகழ் பெற்றிருந்தார். அதை அவர் மாந்திரீகம் என்று சொல்லவில்லை. இயற்கை விதி என்றே சொன்னார். அதை ஆராய மன்னர் 16ஆம் லூயி அமைத்த குழுவில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், வேதியியலாளர் லவாய்சியே முதலியோர் இருந்தனர். பாஸி என்னும் இடத்தில், பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் மெஸ்மரின் சீடர் தெஸ்லோன் காந்த ஆற்றலை ஏற்றினார். அந்த ஆற்றலை உணரக்கூடியவன் என்று அவரே தேர்ந்து அழைத்து வந்த சிறுவனின் கண்ணைக் கட்டி, ஆற்றல் ஏற்றப்படாத நான்கு மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துச் சென்றார்கள். முதல் மரத்திலேயே அவனுக்கு வியர்த்தது. நான்காவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். ஆற்றல் ஏற்றிய மரமோ தள்ளி நின்றது. எல்லா மரங்களிலும் இயல்பாகவே ஓரளவு காந்த ஆற்றல் இருக்கிறது என்று தெஸ்லோன் விளக்கம் சொன்னார். அப்படியானால் உணர்வு மிக்க எவரும் தோட்டத்தில் நடக்கவே முடியாதே என்று குழு திருப்பிக் கேட்டது.

இந்த அறிக்கையில் கவனிக்க வேண்டியது, சிறுவன் நடிக்கிறான் என்று குழு முடிவு கட்டாதது. அவன் மயங்கியது உண்மை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் பொய்த்தது, கற்பனையே போதிய காரணமாக இருந்தது. அனுபவத்தையும் அதற்குக் கொடுக்கப்படும் விளக்கத்தையும் பிரித்து வைக்கும் இந்தப் பழக்கம் ஆன்மிகம் தொடர்பான சான்றுகளைப் படிக்கும்போது மிகவும் தேவை. ஒருவர் தியானத்தில் பேரமைதி கண்டதாக எழுதினால் அது அவருடைய அனுபவம் பற்றிய சாட்சியம். அந்த அமைதி தொலைவில் உள்ளவரின் நோயைத் தீர்த்தது என்று எழுதினால் அது சோதிக்கத்தக்க கூற்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஏற்பவரும் தவறுகிறார், சேர்த்துத் தள்ளுபவரும் தவறுகிறார். 1861இல் தாலியம் என்னும் தனிமத்தைக் கண்டுபிடித்த வில்லியம் குரூக்ஸ், பின்னர் ஆவியுலகத் தொடர்பாளர்களைத் தம் கருவிகளால் சோதித்து அவர்களை நம்பினார் என்பது, சோதிப்பவரின் தகுதி மட்டும் சோதனையைக் காப்பாற்றாது என்பதற்குச் சான்று.

"முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்" என்ற கூற்றை எதிர்கொள்ளும் முறை

பழைய நூல்களின் காலத்தைச் சரிபார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஹெர்மிஸ் டிரிஸ்மெகிஸ்டஸ் என்னும் எகிப்திய ஞானியின் பெயரால் வழங்கிய கிரேக்க நூல்தொகுதி ஒன்று பிளாரன்ஸ் நகருக்கு வந்தபோது, பிளேட்டோவை நிறுத்திவிட்டு அதை முதலில் மொழிபெயர்க்குமாறு அந்நகரின் செல்வாக்கு மிக்க தலைவர் கோசிமோ தே மெடிசி பணிக்க, அறிஞர் மார்சிலியோ பிசினோ 1463இல் அதை முடித்துக் கொடுத்தார். மோசஸின் காலத்தை ஒட்டிய பேரறிவு என்று கற்றவர்கள் அதைக் கொண்டாடினார்கள். 1614இல் மொழியறிஞர் ஐசக் கசோபன் அதன் நடையையும் சொற்களையும் ஆராய்ந்து, அது கிறித்துவுக்குப் பிற்பட்ட காலத்தது என்று காட்டினார். நவீனக் கண்டுபிடிப்பு ஒன்று பழைய நூலில் இருப்பதாக யாரேனும் சொன்னால், அந்த வரி எந்தக் கைப்பிரதியில் இருக்கிறது, அது எப்போது எழுதப்பட்டது, கண்டுபிடிப்பு நிகழும் முன்பே யாராவது அந்த வரிக்கு அந்தப் பொருளைச் சொன்னார்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை கிடைப்பது அரிது.

இவற்றைப் பழகிய பின், சில ஆண்டுகளை மட்டும் குறுக்கே வெட்டி அதில் நடந்தவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள். 1614 முதல் 1621 வரையிலான காலம் தொடக்கத்துக்கு நல்லது. 1614இல் கசோபனின் ஆய்வு வெளிவருகிறது. 1615இல் வானியலாளர் யோகன்னஸ் கெப்ளரின் தாய் கத்தரினா, கசப்பான பானம் ஒன்றைக் கொடுத்து ஒரு பெண்ணை நோயாளியாக்கினார் என்று சூனியக் குற்றச்சாட்டுக்கு ஆளாகிறார். 1618இல் கெப்ளர் கோள்களின் சுற்றுக் காலத்தையும் தொலைவையும் இணைக்கும் மூன்றாம் விதியைக் காண்கிறார். 1619இல் அதைக் கோள்களின் இசையைக் கணக்கிடும் நூலின் நடுவே வெளியிடுகிறார், ஏனெனில் படைத்தவனின் ஒத்திசைவைக் காண்பதே அவருக்கு நோக்கம். 1620இல் தாய் கைதாகிறார். மகன் வழக்கை எடுத்து நடத்துகிறார். சூனியம் என்பதே இல்லை என்று அவர் வாதிடவில்லை, நோய்க்கு இயற்கையான காரணங்கள் உண்டு என்றும் சாட்சியங்கள் நிற்கவில்லை என்றும் வாதிடுகிறார். சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டியும் கத்தரினா குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, 1621இல் விடுவிக்கப்படுகிறார். இந்த நிகழ்வுகளில் எது மாந்திரீகம், எது அறிவியல், எது ஆன்மிகம் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். பிறகு கெப்ளர் எப்படிக் குறித்திருப்பார், தாயை விசாரித்த நீதிபதி எப்படிக் குறித்திருப்பார் என்று வேறு இரண்டு நிறங்களில் குறித்து, மூன்றும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள்.