16 வயசுல தனியா கடல் சுத்தப் போறேன்னு நிக்கிற புள்ளைக்கு சரி சொல்றதா? எப்படி முடிவெடுக்கறது

என் அக்கா பொண்ணு பிரிஸ்பேன்ல இருக்கா, வயசு 15, சனிக்கிழமை ஆனா பாய்மரப் படகு கிளப்புலதான் கிடப்பா. போன மாசம் எனக்கு போன் போட்டு "மாமா, 17 ஆகறதுக்குள்ள தனியா நியூசிலாந்து வரைக்கும் போய்ட்டு வரப் போறேன், நீங்கதான் அம்மாகிட்ட பேசணும்"ன்னா. பத்து நிமிஷத்துல அக்கா போன், "அவளுக்கு கிறுக்கு புடிச்சிருக்குடா, நீயாவது எடுத்துச் சொல்லு". ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ஒரு மாசமா இதையே படிச்சு, கொஞ்சம் செஞ்சும் பாத்து, அக்காவுக்கு எழுதி அனுப்பினதுதான் இது. மத்தவங்களுக்கும் உதவும்னு இங்க போடறேன்.

மொதல்ல ஒண்ணு, "16 வயசு போதுமா"ன்னு கேக்கறத கொஞ்சம் ஓரமா வைங்க. அதுக்கு பதிலா மூணு விஷயம் கேளுங்க: எந்த மாசம் கெளம்பற, எந்த மாசம் எந்தக் கடல்ல இருப்ப, லேட் ஆச்சுன்னா என்ன பண்ணுவ. ஏன் இப்படி சொல்றேன்னா, 2009, 2010ல அடுத்தடுத்து மூணு பொண்ணுங்க தனியா உலகத்த சுத்தக் கெளம்பினாங்க, மூணு பேருக்கும் நடந்தத பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் வயசுல இல்ல, மாசத்துலதான் இருக்கு.

ஜெசிகா வாட்சன், ஆஸ்திரேலியா, 2009 அக்டோபர் 18 சிட்னில இருந்து கெளம்பி எங்கயும் நிக்காம 2010 மே 15 திரும்பி வந்தா, 210 நாள், 17வது பொறந்தநாளுக்கு மூணு நாள் முன்னாடி. தென் அமெரிக்காவோட அடி முனைல இருக்கற கேப் ஹார்ன்தான் அந்த ரூட்லயே மோசமான இடம், அத தாண்டினது ஜனவரில, அதாவது அங்க நல்ல கோடைல. அவளுக்கு முன்னாடி ரொம்ப சின்ன வயசுல இதப் பண்ண ஜெஸ்ஸி மார்ட்டின் 1999ல முடிக்கும்போதே 18 வயசு, அதனால இவளுக்கு ஒண்ணு ரெண்டு மாசம் தள்ளிப் போனாலும் ஒண்ணும் குடி முழுகிப் போயிருக்காது.

ஆபி சண்டர்லாண்ட், அமெரிக்கா, அதே 16 வயசு. கலிஃபோர்னியால இருந்து கெளம்பினதே 2010 ஜனவரி 23. கெளம்பின கொஞ்ச நாள்லயே மெக்சிகோல நிறுத்த வேண்டியதாச்சு, அப்புறம் படக தானா ஓட்டற ஆட்டோபைலட் ரிப்பேர்னு மே மாசம் கேப் டவுன்ல நின்னா, அங்க நின்னதோட நிக்காம சுத்தி வர்ற கனவும் போச்சு. ஆனாலும் மே 21 மறுபடி கெளம்பிட்டா. மேப்ப எடுத்து வச்சுப் பாருங்க, ஜூன் மாசம் தெற்கு இந்தியப் பெருங்கடல்னா அங்க நடு குளிர்காலம். ஜூன் 10 படகு உருண்டு பாய்மரம் முறிஞ்சு போச்சு, ஆஸ்திரேலியாவுக்கு மேக்கால கிட்டத்தட்ட 2,000 மைல் தூரத்துல. குவாண்டாஸ் ஏர்பஸ் ஒண்ண வாடகைக்கு எடுத்து தேடிக் கண்டுபுடிச்சாங்க, ரெண்டு நாள் கழிச்சு ஒரு பிரெஞ்சு மீன்பிடி கப்பல் போய் தூக்குச்சு, தூக்கும்போது அந்த கேப்டனே தண்ணில விழுந்து அவரையும் சேத்து காப்பாத்த வேண்டியதா போச்சு. பொண்ணு திறமையான பொண்ணுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, அலை உருட்டும்போது யாரா இருந்தாலும் பெருசா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. (அதே கடல்ல 2018ல நம்ம நேவி ஆளு அபிலாஷ் டோமிக்கும் பாய்மரம் முறிஞ்சு முதுகு அடிபட்டுச்சு, அவரு ஏற்கனவே ஒரு தடவை தனியா உலகத்த சுத்தினவரு.) கேப் டவுன்ல வச்சு "இந்த வருஷம் இதோட போதும், நவம்பர்ல பாத்துக்கலாம்"ன்னு யாராவது சொல்லியிருக்கணும், அவ்ளோதான் என் கருத்து.

மூணாவது நெதர்லாந்து பொண்ணு லாரா டெக்கர். 13 வயசுல போறேன்னு சொல்லி, கோர்ட் தலையிட்டு, குழந்தைகள் நல அதிகாரிங்க மேற்பார்வைல வச்சு, நடுவுல அவ வீட்ட விட்டு ஓடி கரீபியன்ல இருக்கற செயின்ட் மார்ட்டன் தீவுல புடிபட்டு, பெரிய ரகளை. 2010 ஜூலைல கோர்ட் விட்டுடுச்சு. வழக்கு நடந்த அந்த மாசங்கள்ல என்ன மாறுச்சுன்னு பாருங்க: இன்னும் பெரிய படகு வாங்கினா, 38 அடி, முதலுதவி கோர்ஸ் முடிச்சா, தூக்கம் கெட்டா எப்படி சமாளிக்கறதுன்னு பயிற்சி எடுத்தா, படிப்ப படகுலயே தொடர ஏற்பாடு ஆச்சு. அப்ப எல்லாரும் கோர்ட்ட திட்டினாங்க, எனக்கென்னவோ அந்த கோர்ட்தான் அவள காப்பாத்துச்சுன்னு தோணுது. கெளம்பின பிறகும் அவ அவசரப்படல, அட்லாண்டிக் சூறாவளி சீசன் முடியட்டும்னு கனரித் தீவுகள்ல உக்காந்திருந்தா, கடற்கொள்ளையருக்கு பயந்து ஏடன் வளைகுடா பக்கமே போகாம ஆஸ்திரேலியாவோட டார்வின்ல இருந்து தென்னாப்பிரிக்காவோட டர்பனுக்கு ஒரே ஓட்டமா ஏழு வாரம் ஓட்டினா. 2012 ஜனவரி 21 முடிச்சப்ப 16 வயசு.

ரொம்ப சின்ன வயசுல சுத்தினதுங்கற சாதனைக்காகத்தான் அவசரம்னா அந்த சாதனையோட லட்சணத்தையும் புள்ளைக்கு சொல்லுங்க. ஆபியோட அண்ணன் ஸாக் 17 வயசுல 2009 ஜூலை 16 சுத்தி முடிச்சான், பிரிட்டன் பையன் மைக் பெரம் ஆகஸ்ட் 27 முடிச்சு அத முறியடிச்சான். ஆறு வாரம்! பாய்மர சாதனைகள பதிவு பண்ற உலக கவுன்சில் வயச வச்சு எந்த சாதனையும் ஏத்துக்கறதே இல்ல. அதனால நான் அக்காவுக்கு போட்ட முதல் கண்டிஷனே இதுதான், பிளான்ல எங்கயும் பொறந்தநாள் தேதி இருக்கக் கூடாது. ஸ்பான்சர் காசு வாங்கினாலும் கெளம்பற தேதி எழுதி கையெழுத்து போடக் கூடாது, காசு வாங்கிட்டா "இன்னிக்கு காத்து சரியில்ல"ன்னு சொல்றதுக்கு வாய் வராது.

அடுத்தது தூக்கம். தனியா போறவங்க பெரும்பாலும் 20 நிமிஷம் தூங்கி எந்திரிச்சு சுத்தி பாத்துட்டு மறுபடி 20 நிமிஷம் தூங்குவாங்க. ஏன் 20? எதுத்தாப்ல வர்ற சரக்கு கப்பல் 16 நாட் வேகம், உங்க படகு 5 நாட், சேத்தா மணிக்கு 21 கடல் மைல். படகுல இருந்து ஒரு 7 மைல் தூரத்துல அந்த கப்பல் லைட் கண்ணுல படும்னு வச்சுக்குங்க, முட்டறதுக்கு சரியா 20 நிமிஷம். சட்டப்படி பாத்தா எந்த படகா இருந்தாலும் எந்த நேரமும் கண்ணும் காதும் வச்சு கண்காணிச்சுக்கிட்டே இருக்கணும், தனியா போறவங்க தூங்கின நிமிஷமே அத மீறறாங்க, இதுல பெரியவங்க சின்னவங்க வித்தியாசமே இல்ல. வாட்சனுக்கே உலகம் சுத்தப் போறதுக்கு அஞ்சு வாரம் முன்னாடி, 2009 செப்டம்பர் 9 ராத்திரி, குட்டித் தூக்கம் போட்ட நேரத்துல 63,000 டன் கப்பல் மேல மோதி பாய்மரம் உடைஞ்சுச்சு. விசாரணைல ரெண்டு பக்கமும் சரியா கண்காணிக்கலன்னுதான் சொன்னாங்க.

இத வீட்லயே டெஸ்ட் பண்ணலாம், நான் பண்ணேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு, போன்ல 20 நிமிஷ அலாரம், ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு மொட்டை மாடிக்கு போய் நாலு பக்கமும் பாத்துட்டு நோட்டுல டைமும் என்ன பாத்தேன்னும் எழுதணும். ஒரு மணி வரைக்கும் ஜோரா எழுதியிருக்கேன், "தெரு லைட், நாய் ரெண்டு, பால்கனில யாரோ சிகரெட்". 3:40க்கு எழுதினது எனக்கே படிக்க முடியல, ஒரு கோடு மட்டும் பக்கத்த விட்டு வெளில போயிருக்கு. நாலு மணி அலாரத்த நானே அமத்திட்டு தூங்கியிருக்கேன், அது கூட ஞாபகம் இல்ல, 5:10க்கு வீட்டுக்காரி எழுப்பினா. எழுபது நிமிஷம், மேல சொன்ன கணக்குல மூணு கப்பல் என் மேல ஏறியிருக்கும். அதுவும் ஆடாத தரைல, காஞ்ச துணியோட, ஒரே ஒரு ராத்திரிக்கு. புள்ளைய இத மூணு ராத்திரி தொடர்ந்து பண்ணச் சொல்லுங்க, நாலாவது நாள் காலைல ஒரு சிக்கலான கணக்கு குடுங்க, இல்ல படகோட இன்ஜின் ஃபில்டர மாத்தச் சொல்லுங்க. நோட்டு பொய் சொல்லாது.

அப்புறம் கடல்ல டெஸ்ட். பெரியவங்க ஒருத்தர் படகுல ஏறணும் ஆனா வாயே திறக்கக் கூடாது, கேபின்ல உக்காந்து கைய கட்டிக்கிட்டு பாக்கணும், உசுருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் தலையிடணும். ராத்திரில, காத்து 25 நாட் அடிக்கும்போது, ஹார்னஸ் (ஆள படகோட சேத்துக் கட்டற வார்) மாட்டி பாயை பாதியா சுருக்கிட்டு வரச் சொல்லுங்க. ஹார்னஸ மாட்டாம ஒரு அடி முன்னாடி போனாலும் டெஸ்ட் அங்கயே முடிஞ்சுது, தனியா இருக்கும்போது தண்ணில விழுந்தா ஆட்டோபைலட் படக தன்பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே போயிடும், திரும்பி வந்து யாரும் தூக்க மாட்டாங்க.

இங்கிலாந்துல யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர்னு ஒரு சர்டிஃபிகேட் இருக்கு, அந்த பரீட்சை எழுதவே 50 நாள் கடல்ல இருந்திருக்கணும், 2,500 மைல் ஓட்டியிருக்கணும், வயசு 18 ஆகியிருக்கணும். வயச விட்ருங்க, அந்த நாளும் மைலும் புள்ளையோட பதிவேட்டுல இருக்கான்னு பாருங்க. இல்லன்னா பேச்சே வேணாம்.

என்கிட்ட இருக்கற நல்ல கேள்வி இது, "கடைசியா எப்ப பாதில திரும்பி வந்த?". திரும்பி வந்ததே இல்லன்னு பெருமையா சொல்ற புள்ள இன்னும் ரெடி இல்ல. அக்கா பொண்ணுகிட்ட கேட்டேன், ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, ஒரு தடவை ரேஸ் நடுவுல மேகம் கறுத்துச்சுன்னு திரும்பிட்டேன், மத்தவங்கள்லாம் முடிச்சுட்டாங்க, நான்தான் கடைசின்னு அழுதுட்டேன்னு சொன்னா. அந்த இடத்துலதான் எனக்கு அவ மேல நம்பிக்கை வந்துச்சு.

பொருள் லிஸ்ட் நெட்ல எல்லா இடத்துலயும் இருக்கு, நான் நீட்டல: ஈபர்ப் (ஆபத்துன்னா சாட்டிலைட் வழியா நாம இருக்கற இடத்த சொல்ற கருவி) ஒண்ணுக்கு ரெண்டா, ஏஐஎஸ் (சுத்தி வர்ற கப்பல்கள காட்டற கருவி) அலாரத்தோட, சாட்டிலைட் போன், ஆட்டோபைலட்டுக்கு மாத்து. ஆபி விஷயத்துல ஈபர்ப் பட்டனதான் கையால அமுத்தினா, அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடிதான் போன் பாதில கட் ஆகியிருந்துச்சு, அந்த ஈபர்ப் இருந்ததாலதான் எங்க தேடணும்னே தெரிஞ்சுது. ஆஸ்திரேலியா தேடின செலவ ஆபி குடும்பத்துக்கிட்ட கேக்கல, கடல்ல ஆள காப்பாத்தறது எல்லாருக்கும் கடமை. ஆனா தூக்கப் போற அந்த மீன்பிடி கப்பல்ல இருக்கறவங்களுக்கும் வீட்ல பொண்டாட்டி புள்ள இருக்குங்கறத புள்ளைக்கு ஒரு தடவையாவது சொல்லுங்க.

கரைல இருக்கறவங்களுக்கும் வேலை இருக்கு. எத்தன மணிக்கு ஒரு தடவை தகவல் வரணும், வரலன்னா எத்தன மணி நேரம் காத்திருக்கணும், அப்புறம் யாருக்கு போன் போடணும், எல்லாத்தையும் இப்பவே எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு பதட்டத்துல யோசிக்க முடியாது.

அக்கா இதெல்லாம் படிச்சுட்டு "சரி, அப்ப போகலாங்கறியா வேணாங்கறியா"ன்னு கேட்டா. இந்த வருஷம் வேணாம், மொதல்ல அந்த 2,500 மைல அப்பாவோட ஓட்டி முடிக்கட்டும், புயல் சீசன் போகட்டும், அப்பவும் ஆசை இருந்தா மூணு ராத்திரி நோட்ட எனக்கு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுன்னேன். நேத்து முதல் ராத்திரி பக்கம் வந்துச்சு, 4:20 வரைக்கும் எழுதியிருக்கா, என்ன விட பரவால்ல.