நாற்பதைத் தாண்டி முதல் பைக் வாங்குபவர்களுக்கு

சிசி (இன்ஜின் அளவு) அப்புறம், முதலில் எடையும் சீட் உயரமும் பாருங்கள். ஸ்ப்ளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ, கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஓடும்போது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது; சரிவில் நிறுத்திப் பின்னால் தள்ளும்போதுதான் இடுப்பும் முழங்காலும் சொல்லும். புதியவர்கள் வண்டியைக் கீழே போடுவதும் பெரும்பாலும் நின்ற இடத்தில்தான்.

ஷோரூமில் தினமும் போடும் ஷூவோடு உட்காருங்கள். இரண்டு முன்பாதங்களும் தரையில் அழுந்த வேண்டும். இறங்கி, நியூட்ரலில் பத்தடி பின்னால் தள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். மூச்சு வாங்கினால் வேறு வண்டி பாருங்கள், விற்பவர் என்ன சொன்னாலும். கிளட்ச்சை இருபது முறை பிடித்து விடுங்கள். விரல் வலித்தால் நெரிசலில் தாங்காது.

ஏபிஎஸ் என்பது பிரேக்கை இறுக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு; சிங்கிள் சேனல் என்றால் அது முன்சக்கரத்துக்கு மட்டும்தான். பதற்றத்தில் முன் பிரேக்கை இறுக்குபவருக்கு அதுவே பெரிய காப்பு.

கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் கியர் பைக்குக்குச் செல்லாது, முதலில் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுங்கள்.