20 வரையா, 20க்குள்ளா?

பத்தமடைக் கோரைப்பாய் ஆர்டருக்காக, மாமா சார்பில் லண்டன்காரருக்கு மெயில் போட்டேன்: ‘பாய்கள் வில் பி ரெடி அன்டில் 20’. ‘20க்குப் பிறகு ஏன் கிடைக்காது?’ என்று அவர் திருப்பித் திருப்பிக் கேட்டார். தேதியை எழுத்தில் எழுதினேன், காலண்டரைப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்று நாள் வீண்.

கடைசியில் ‘அன்டில்’ஐ எடுத்துவிட்டு ‘பை’ போட்டேன். “பாய்க்குப் பையா?” என்றார் மாமா. அன்றே அட்வான்ஸ் வந்தது, அப்பாடா.

‘அன்டில்’ என்றால் அதுவரை நீடிப்பது. ‘பை’ என்றால் அதற்குள் முடிவது. வேடிக்கை என்னவென்றால், ‘நாட் ரெடி அன்டில் 20’ என்றிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்: 20 வந்தால்தான் தயார்.

அதே மெயிலில் ‘ரெடி இன் டூ வீக்ஸ்’ வேறு. நமக்கு ‘ரெண்டு வாரத்தில்’ என்றால் அதற்குள் எப்போது வேண்டுமானாலும். அவர்களுக்கு ரெண்டு வாரம் கழித்து. அதையும் ‘விதின்’ ஆக்கிவிட்டேன்.