கீர்த்தனை கேட்கும்போது எதைப் பிடித்துக்கொள்வது?

பல்லவி, அனுபல்லவி, சரணம், சங்கதி, எடுப்பு என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் சீக்கிரமே மறந்துபோகும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு விஷயத்துக்காக மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' இதற்கு ரொம்பப் பொருத்தம்: ஹம்சத்வனி ராகம், ஆதி தாளம், யூடியூபில் எத்தனையோ பேர் பாடியது கிடைக்கும்.

முதல் தடவை சொற்களை விட்டுவிடுங்கள், தாளம் மட்டும் போடுங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு (வீச்சு என்றால் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது). மொத்தம் 8 எண்ணிக்கை, இது ஒரு ஆவர்த்தனம். முதல் தட்டு விழும் இடம் சமம். பல்லவி வரி இந்தச் சுற்றில் எங்கே தொடங்குகிறதோ அதுதான் எடுப்பு. சில பாட்டு சமத்திலேயே தொடங்கும், சில பாட்டு அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளித் தொடங்கும். எங்கே தொடங்கினாலும் சரி, பல்லவி எத்தனை முறை திரும்பி வந்தாலும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். இதைக் கைவிரலில் உணர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும், அதனால் இங்கே அவசரப்படாதீர்கள்.

அடுத்து பல்லவி. "வாதாபி கணபதிம் பஜேஹம்" என்ற வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடுவார், ஆனால் ஒவ்வொரு முறையும் மெட்டு கொஞ்சம் மாறும், வளரும். இதுதான் சங்கதி. சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள், ஒரு எழுத்துகூட மாறாது, முதலில் நேராக ஒரு நடை, பிறகு ஒரு இடத்தில் சின்ன வளைவு, பிறகு இன்னொரு இடத்தில் ஒரு எழுச்சி, இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். முந்தைய சங்கதியில் இருந்து எது மட்டும் மாறியது என்று கவனியுங்கள், முடிந்தால் கூடவே முணுமுணுங்கள். கர்நாடக இசையில் எனக்கு இதைவிட அழகான விஷயம் இல்லை: நாலைந்து சொற்களுக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டிவிடுகிறது.

பல்லவிக்கு அடுத்து வரும் பகுதி அனுபல்லவி. அதைக் கண்டுபிடிக்க இரண்டு அடையாளம். ஒன்று, பெரும்பாலும் மெட்டு மேல் சட்ஜத்தை (மேல் 'ச') நோக்கி ஏறும். இன்னொன்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த எதுகை: 'வாதாபி', 'பூதாதி', இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'தா'. முடிந்ததும் பாடகர் பல்லவிக்குத் திரும்புவார், எடுப்பு சரியாக விழுகிறதா என்று கையில் பாருங்கள்.

சரணம் நீளமானது. பல கீர்த்தனைகளில் சரணத்தின் பின்பாதி அனுபல்லவி மெட்டிலேயே போகும், அதனால் ஏற்கெனவே கேட்ட மாதிரி இருந்தால் உங்கள் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. தீட்சிதர் பாட்டில் இன்னொன்றும் உண்டு. கை போடும் தாளம் அப்படியே இருக்க, சொற்கள் மட்டும் இரட்டிப்பு வேகத்தில் பாயும். இது மத்யமகால சாகித்தியம்.

ராகத்துக்கு வருவோம். ஹம்சத்வனியில் ஏறும்போது ச ரி க ப நி ச, இறங்கும்போது ச நி ப க ரி ச. மத்திமமும் (ம) தைவதமும் (த) கிடையாது. ஆனால் இந்த ஏற்ற இறக்க வரிசை (ஆரோகண அவரோகணம்) மட்டும் ராகம் ஆகிவிடாது. அந்த ராகத்துக்கே உரிய சின்னச் சின்னச் சுரக்கோவைகளுக்கு 'பிடி' என்று பெயர், ராகத்தை அடையாளம் காட்டுவது அதுதான். சுரத்தை அசைத்துப் பாடுவது கமகம். ஒரு வரி எந்தச் சுரத்தில் போய் இளைப்பாறி நிற்கிறதோ அது நியாச சுரம்.

கச்சேரியில் கேட்டால், ஒரு வரியை மட்டும் எடுத்து விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலும், ச ரி க என்று சுரமாகவே பாடும் கற்பனைசுரமும் சேர்ந்துவரலாம். அவை தீட்சிதர் எழுதியவை அல்ல, பாடகர் அந்த நேரத்தில் உருவாக்குபவை. கற்பனைசுரம் எத்தனை ஆவர்த்தனம் ஓடினாலும் எடுத்துக்கொண்ட வரியின் எடுப்புக்குத்தான் வந்து சேரும், தாளத்தை விடாமல் போட்டால் அது வரப்போகும் இடம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தீட்சிதரின் சில பாட்டுகளில் பல்லவிக்குப் பிறகு அனுபல்லவி இல்லாமல் சமஷ்டி சரணம் என்று ஒரே பகுதிதான் இருக்கும், தேடிக் குழம்ப வேண்டாம். 'வாதாபி' பழகியதும் அதே ஹம்சத்வனியில் தியாகராஜரின் 'ரகுநாயக' கேளுங்கள், முதல் வரியிலேயே எடுப்பு எங்கே என்று தேடுங்கள்.